போர்டு இங்கிலீஷில் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

கடலோரத்தான்:
கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்தேன். ஐயப்ப சீசன். வாசலில் வெள்ளை போர்டு: ‘வீ ஹேவ் ஃபியூ ரூம்ஸ் வித் சீ வியூ’. ‘எ ஃபியூ’ என்றால் சில அறைகள் உண்டு. ‘எ’ போய்விட்டால், கடல் தெரியும் அறையே அபூர்வம் என்று நாமே புலம்பியதாகிவிடும். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி படித்துச் சிரித்துவிட்டு, மார்க்கரை எடுத்து இடையில் ‘எ’ போட்டார். மறுநாள் முதலாளி, ‘எந்தப் பயலோ கிறுக்கியிருக்கான்’ என்று ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து அழித்தார். நான் சாவிக்கொத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை.

தக்கலை டீச்சர்:
திறந்திருந்தாலும் பலன் இல்லை தம்பி. பார்க்கிங் போர்டில் ‘ட்வென்டி ருபீஸ் எ அவர்’. ‘ஆன் அவர்’ என்றேன். டோக்கன் கிழிப்பவர், ‘ஹெச் உயிரெழுத்தா டீச்சர்?’ என்றார். பின்னால் ஆட்டோ ஹாரன். எனக்குப் பதில் வரவில்லை!

வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது: சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘அவர்’ அகரம், ஆகவே ஆன். ‘யுனிவர்சிட்டி’ யகரம், ஆகவே எ. ‘எம்ஆர்ஐ’ எகரம், ஆன். ஓர் ஊர், ஒரு மரம் என்கிறோமே, அதே கணக்கு. அப்புறம் ‘தி’: கன்னியாகுமரிக்கு வராது, அரபிக்கடலுக்கு வரும், தாமிரபரணிக்கு வரும், நீலகிரிக்கும் வரும். பிள்ளைகளை நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பெயின்டர் மகன்:
‘ஒன்வே’யை உங்கள் கணக்கில் போடுங்க டீச்சர். ‘ஆன் ஒன்வே’ என்று வரும். தப்பு. எழுத்தில் ஒகரம், வாயில் வகரம்.

அதோடு, போர்டில் ஆர்ட்டிக்கிளை யார் தேடுகிறார்கள்? நோ என்ட்ரி, வெட் பெயின்ட், அவ்வளவுதான். நாகர்கோவிலில் அப்பாவுக்கு எழுத்துக் கணக்கில் கூலி. அளந்து கோடு போட்டபிறகு ஒரு கடைக்காரர், ‘தி வேண்டாம், மூணு எழுத்துக் காசு மிச்சம்’ என்றார். கடைப் பெயர் இன்றும் வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இடது பக்கம் மூன்று எழுத்து அகலத்துக்கு வெறும் பச்சை.

தக்கலை டீச்சர்:
சரி, ‘வன்வே’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ‘மைண்ட் தி கேப்’ என்றுதான் சொல்கிறார்கள், ‘தி’யை விடவில்லை. அந்தக் கடை வடசேரிப் பக்கமா?