மறு: ‘ரேக்கிங் லைட்’ – தடவொளி சரிவருமா?

> ‘வாரொளி’ என்று போடலாமே? ரேக் என்றால் வாருவதுதானே.

ஐயா, வணக்கம். வாரொளி வேண்டாம். குப்பை வாருவதும் தலை வாருவதும்தான் நினைவுக்கு வரும். சாய்வொளியும் போதவில்லை, காலை ஒன்பது மணி வெயிலும் சாய்ந்துதான் விழுகிறது. அருங்காட்சியகப் பதிவேட்டில் எழுத நாம் தமிழ்ப் பெயர் தேடும் ‘ரேக்கிங் லைட்’, கல்லின் முகத்தை ஒட்டியே ஓடி, நூலளவு மேட்டுக்கும் நிழல் கொடுக்கிற வெளிச்சம்.

போன மாதம் காரைக்குடியில் எங்கள் ஆயா வீட்டு வளவில் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடந்தது. கொத்தனார் பையனிடம் சொன்னார்: “லைட்டை நேரா காட்டாதே, சுவரைத் தடவுற மாதிரி பிடி.” அதுவரை கண்ணாடிபோல் இருந்த சுவரில் கரணை ஓடிய தடம் வரிவரியாக எழுந்து நின்றது. தடவொளி என்ற சொல் அங்கே கிடைத்ததுதான்.

சிற்பத்தை முதலில் படமெடுத்தவர்களுக்கு வெளிச்சம்தான் பெரும்பாடு. 1840களில் கிரேக்கக் காப்பிய வீரன் பெட்ரோக்ளஸின் மார்புச்சிலையை எடுத்த டால்பட் என்ற ஆங்கிலேய ஒளிப்பட முன்னோடி, வெயிலில் நிழல் கறுத்துப்போகாமல் இருக்க எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணி பிடிக்கச் சொன்னார். முழுச்சிலைக்கு அது சரி. கல்வெட்டுக்கு? 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படக்காரர் சென்னை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களை எடுத்தார். அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். நேர் வெளிச்சம் விழுந்தால் எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். அருங்காட்சியகப் பதிவேட்டில் ‘எந்த ஒளியில் எடுத்தது’ என்று எழுதத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

> ‘தட’ உரிச்சொல். பெரிய என்று பொருள், தடக்கை என்கிறோம். தடவொளி பேரொளி ஆகிவிடாதா? ‘வருடொளி’ எப்படி?

இலக்கணப்படி ஆகும்தான், மறுக்கவில்லை. ஆனால் பேரொளியை இன்று யாரும் தடவொளி என்பதில்லை. ‘தடவு’ எல்லார் வாயிலும் இருக்கிறது. வருடொளி அழகான சொல். என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதை ஒளியாண்டுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொள்ளும்!

அப்புறம் ஒன்று. வீட்டு நிலைக்கு மேலே ஒரு கஜலட்சுமி இருக்கிறாள். எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே மூக்கு மழுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளை நேரொளியில் ஒன்று, தடவொளியில் ஒன்று எடுத்து அனுப்புகிறேன். யானைகளின் துதிக்கை எந்தப் படத்தில் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.