பழைய ரயர் கிடக்க, புது ரயரை எடுக்கச் சொல்லும் சரக்கு மென்பொருள் – உதவி தேவை

வவுனியா ஸ்டோர்ஸ்:
வணக்கம். ரயர் உற்பத்தி செய்யும் கொம்பனி ஒன்றின் வவுனியாக் களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் கடைகளுக்கு இங்கிருந்துதான் லொறி போகிறது. இவ்வளவு காலமும் பேரேடும் எக்செல்லும்தான். இப்போது தலைமையகம் புது மென்பொருளும் ஸ்கேனரும் தந்திருக்கிறது. எக்செல்லில் இருந்த இருப்பை அப்படியே ஏற்றினோம்.

'பழையது முதலில் வெளியே' என்றுதான் செட் பண்ணியிருக்கிறோம். ஆனால் மாங்குளம் கடை 13.6-28 உழவு இயந்திரப் பின் ரயர் கேட்டபோது, தயாரிப்புத் திகதி இலக்கம் (ரயரின் பக்கத்தில் அடித்திருப்பது) 824 என்று பதிந்திருப்பதை எடுக்கச் சொன்னது. மூலையில் 4522 கிடக்கிறது, அது 2022 நவம்பர் சரக்கு! மென்பொருள்காரரைக் கேட்டால் "எங்கள் பக்கம் பிழை இல்லை" என்கிறார்கள். பெரும்போக உழவு தொடங்குமுன் திருத்த வேண்டும். இன்னொன்று, பார்கோட் ஸ்டிக்கர் ஒட்டினால் அடுத்த நாளே கழன்று நிலத்தில் கிடக்கிறது.

கிளிநொச்சிப் பெடியன்:
தயாரிப்புத் திகதியை விடுங்கள் அண்ணை. ஸ்டோருக்கு வந்த திகதிப்படி அடுக்கினால் வேலை முடிந்தது. எங்கள் உரக் களஞ்சியத்தில் அப்படித்தான்.

கணக்கு அக்கா:
தம்பி, உரத்துக்கு அது சரிவரலாம். ரயருக்கு வராது. கடையிலிருந்து திரும்பி வந்த ரயர் இன்றைக்கு இறங்கினாலும் வயது போனதுதான். வாங்குகிற சனமும் இப்போது அந்த நாலு இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறது.

வவுனியா ஸ்டோர்ஸ், உங்கள் 824 உண்மையில் 0824. முதல் இரண்டு இலக்கம் கிழமை, கடைசி இரண்டும் வருடம். அதாவது 2024இன் 8ஆம் கிழமை. எக்செல் அதை எண் என்று எடுத்து முன் பூச்சியத்தை விழுங்கிவிட்டது. (2000க்கு முன் மூன்று இலக்கம்தான் அடித்தார்கள், கிழமைக்கு இரண்டு, வருடத்தின் கடைசி இலக்கம் ஒன்று. 0524 இப்படி 524 ஆனால், 1994இன் 52ஆம் கிழமை என்று யாராவது வாசித்துவிடுவார்கள்.)

பூச்சியத்தைத் திருப்பிப் போட்டாலும் தீராது. கிழமை முன்னுக்கு நிற்கும்வரை 4522க்கு முதல் 0824தான் வரும். வருடத்தை முன்னுக்குக் கொண்டுவந்து 2408, 2245 என்று புது நிரல் ஒன்று போடுங்கள். மென்பொருள் அதை வைத்து அடுக்கட்டும். மென்பொருள்காரர் சொன்னதும் உண்மைதான், கொடுத்த எண்ணை அது ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறது. கிழமை 53ஐத் தாண்டிய வரிகளைத் தனியே எடுத்து ரயரிலேயே போய்ப் பாருங்கள், அவை பதியும்போது பிழைத்தவை.

வவுனியா ஸ்டோர்ஸ்:
நன்றி அக்கா. 13.6-28க்கு மட்டும் மாற்றிப் பார்த்தேன், இப்போது 4522ஐத்தான் முதலில் கேட்கிறது. ஆனால் ஓட்டோ ரயர் 4.00-8க்குப் பேரேட்டில் இந்த இலக்கமே எழுதவில்லை. படுக்க அடுக்கியிருப்பதால் ரயரிலும் பார்க்க முடியவில்லை.

டிப்போ பழசு:
புரட்டித்தான் பார்க்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. பல ரயர்களில் அந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். எப்படியும் படுக்க அடுக்கியதை இடைக்கிடை புரட்டாவிட்டால் அடியில் கிடப்பது நசுங்கிப்போகும். இனி இறங்கும் சரக்கை இலக்கம் மேலே தெரிய வைக்கச் சொல்லுங்கள், ஏற்றி இறக்கும் பெடியள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

ஸ்டிக்கர் கழலுவதற்குக் காரணம் ரப்பரிலிருந்து கசியும் மெழுகு. ரயர் வார்க்கும் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சும் மேலே இருக்கும். சாதாரணக் கடதாசி ஸ்டிக்கர் அதில் நிற்காது. ரயருக்கென்றே பசை கூடிய ஸ்டிக்கர் இருக்கிறது. தூசியைத் துடைத்துவிட்டு, ரோட்டில் உருளும் பக்கத்தில் ஒட்டுங்கள். உழவு இயந்திர ரயரில் ரப்பர் கட்டைகளுக்கு இடையில் பெரிய பள்ளம், அதற்கு ஸ்டிக்கரை மறந்துவிட்டு அட்டையை நைலோன் கயிற்றால் கட்டுங்கள்.

வவுனியா ஸ்டோர்ஸ்:
எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து எண்ணி முடியும்வரை லொறியை நிறுத்தச் சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

கணக்கு அக்கா:
ஏன் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்? மென்பொருளில் 4.00-8ஐ மட்டும் பூட்டிவிட்டு எண்ணுங்கள், மற்ற அளவுகள் போகட்டும். முடிந்தவுடன் அதைத் திறந்து அடுத்த அளவைப் பூட்டுங்கள். உழவுக்கு வேண்டியவற்றை முதலில் முடித்தால் நல்லது, லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) 6.00-12 உட்பட.