புதுப்பிப்பு: முண்ணாண் உறைப் புற்றுநோய்க் குறியீடு

மார்பகப் புற்றுநோய் முண்ணாண் உறைகளுக்கு, அதாவது முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புத்தண்டைச் சூழ்ந்த சவ்வுகளுக்கு, பரவியிருந்த ஓர் அம்மாவின் மருத்துவப் பதிவில் நான் இட்ட சி70.1 என்ற குறியீடு சரியானதா எனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். அது பிழையானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டு முறையான ஐசிடி-10 வகைப்பாட்டில் சி70.1 என்பது அவ்வுறைகளிலேயே தோன்றிய புற்றுநோய்க்கு மட்டுமே உரியது; வேறிடத்திலிருந்து பரவியதாயின் சி79.4 இடப்பட்டு, முதலில் தோன்றிய மார்பகப் புற்றுநோய்க்குரிய சி50 உம் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

அம்பாறை மாவட்ட வைத்தியசாலையொன்றின் பதிவறையில் அந்த ஏட்டை மீண்டும் விரித்தபோது, எம்ஆர்ஐ அறிக்கையின் அடியில், மங்கிய நீலமையில், பரவலைக் குறிக்கும் ஒற்றைச் சொல் இருந்தது. அதைக் கவனியாமல் கடந்தது என் தவறே. ஒரு தாயின் நோய் வேறொரு நோயாகக் கணக்கில் ஏறிவிடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூளை, முண்ணாண் உறைகளில் தோன்றும் கட்டியான மெனிஞ்சியோமா குறித்தும் சிலர் கேட்டிருந்தீர்கள். அப்பெயரைக் கண்டவுடன் சி70.1 இட்டுவிடக் கூடாது. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவையாதலால், முண்ணாண் உறையில் இருப்பின் டி32.1 பொருந்தும், தன்மை நிச்சயமற்றதென நோயியல் அறிக்கை கூறினால் டி42.1. அவ்வறிக்கை மட்டக்களப்பிலிருந்து வந்து சேரும்வரை நான் இப்போது ஏட்டை மூடுவதில்லை. அம்மாவின் பதிவு, வைத்தியரின் ஒப்பத்துடன் நேற்றுத் திருத்தப்பட்டது.