குதிரைக்கு மூக்கில் ரத்தம்: உறைய வைக்கும் மருந்து கொடுத்தால் போதாதா?

மெல்பர்ன்வாசி:
ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ரேஸ் குதிரையில் பங்கு வாங்கினோம். என் பங்குக்கு வால் முடி நாலைந்து தேறும், அவ்வளவுதான். போன சனிக்கிழமை 1600 மீட்டர் ரேஸில் நன்றாக வந்துகொண்டிருந்தது, கடைசி 200 மீட்டரில் திடீரென்று பின்தங்கி, திரும்பி வரும்போது பார்த்தால் இரண்டு நாசியிலும் ரத்தம். மூன்று மாதம் ஓட்டக் கூடாது, இன்னொரு முறை இப்படி வந்தால் ஆயுசுக்கும் தடை என்றார்கள். பயிற்சியாளரோ "இதெல்லாம் சகஜம்" என்பதற்கு மேல் வாயே திறக்கவில்லை. என் மனைவி நர்ஸ். மனுஷருக்கு ரத்தப்போக்கு நிற்க டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுக்கிறோமே, குதிரைக்குக் கொடுத்தால் என்ன என்கிறாள். இதற்கு ரத்தம் உறைவதில் ஏதாவது கோளாறு இருக்குமா?

மாட்டு டாக்டர்:
பெரும்பாலும் இருக்காது. உறைதலில் பிறவிக் கோளாறு உள்ள குட்டி ரேஸ் வரைக்கும் வந்து சேர்வதே அபூர்வம், ஊசி குத்திய இடமே வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரத்தம் வருவது மூக்கிலிருந்து இல்லை, நுரையீரலின் மேல்பக்கப் பின்பகுதியிலிருந்து. சும்மா நிற்கும்போது நுரையீரல் தமனியில் அழுத்தம் 25, 30 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும், முழு வேகத்தில் அது 100ஐத் தாண்டிவிடும். போதாததற்கு மண்ணீரல் வேறு சேர்த்துவைத்த சிவப்பணுக்களைக் கொட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஆனால் காற்றறைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான், பல இடங்களில் அதுகூட இல்லை. அது கிழிகிறது. மோட்டார் ஓடும்போதே ஓஸ் கிழிந்தால் எம்-சீல் ஒட்டி என்ன பயன்? முதலில் மோட்டார் நிற்க வேண்டும். உங்கள் மனைவி சொன்ன மருந்தின் ஒன்றுவிட்ட தம்பி அமினோகேப்ராயிக் ஆசிட், அதைக் கொடுத்து டிரெட்மில்லில் ஓடவிட்டும் பார்த்தார்கள், ரத்தக்கசிவு குறையவில்லை.

பயிற்சியாளர் சொன்னது பாதி சரி. ரேஸ் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சுக்குழாயில் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) விட்டுப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குதிரைகளில் கொஞ்சமாவது ரத்தம் தெரியும். மூக்கு வரைக்கும் வருவது மிகச் சிலவற்றில்தான், அதை மட்டும் சகஜம் என்று விடக் கூடாது.

லாயத்துப் பையன்:
எங்கள் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்தவர். ஓடி வந்த குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப எதையோ விழுங்கினால் போதும், மூக்கில் ஒரு சொட்டு வராவிட்டாலும் "இது பிளீடர்டா" என்பார், அதாவது நுரையீரலில் ரத்தம் கசிகிற குதிரை. அண்ணா, நீங்கள் ரேஸ் வீடியோவைப் போட்டு அதைக் கவனியுங்கள். அப்புறம் புல்லை நனைத்துப் போடச் சொல்லுங்கள், தூசி ஏறினால் நுரையீரல் இன்னும் கெடும்.

கத்திரிவெயில்:
லாசிக்ஸ் பற்றி யாருமே சொல்லவில்லையே? நம் வீட்டுப் பெரியவர்கள் கால் வீக்கத்துக்குச் சாப்பிடும் அதே நீர் மாத்திரைதான், குதிரைக்கு ஊசி. அமெரிக்காவில் ரேஸுக்கு நாலு மணி நேரம் முன்னால் போடுவது வழக்கம்.

மாட்டு டாக்டர்:
அது வேலை செய்யும். 2009இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில் 167 குதிரைகளை இரண்டு முறை ஓடவிட்டார்கள், ஒரு முறை லாசிக்ஸ், ஒரு முறை வெறும் உப்புநீர். லாசிக்ஸ் போட்டபோது கசிவு நன்றாகவே குறைந்தது. அதுவும் உறைய வைக்கிற மருந்து இல்லை, நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் லிட்டர் கணக்கில் சிறுநீர் போய் எடையும் குறைவதால் வேகத்துக்கும் உதவுகிறதே என்பதுதான் தகராறு. ஆஸ்திரேலியாவில் ரேஸ் நாளில் கூடவே கூடாது. அமெரிக்காவிலும் பெரிய பந்தயங்களில் விலக்கிவிட்டார்கள், 2021 கென்டக்கி டெர்பி அது இல்லாமல்தான் ஓடியது.

பழைய பஞ்சாங்கம்:
சம்பந்தம் குறைவுதான், இருந்தாலும் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ் என்று ஒரு குதிரைக்கு ரத்தம் வருகிறது என்றே பட்டப்பெயர் உண்டு. தோல்வியே காணாத எக்லிப்ஸ் என்ற ரேஸ் குதிரை அதன் கொள்ளுப்பேரன்.

மெல்பர்ன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வீடியோவை மறுபடி பார்த்தேன், ரேஸ் முடிந்து நடந்து வரும்போது நாலு தடவை விழுங்குகிறது. அதற்கு முந்தைய ரேஸ் வீடியோவிலும் விழுங்குகிறது. எண்டோஸ்கோப் பார்த்தீர்களா என்று இன்று பயிற்சியாளரிடம் கேட்கப் போகிறேன்.