கையெழுத்து வாங்காமல் பழைய கேஸ் ஷீட்டை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

எண்ணும்எழுத்தும் (திரியைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் வேறொரு திரியில் ஒருவர், "நோயாளி கையெழுத்துப் போடாமல் ஒரு பழைய கேஸ் ஷீட்டைக்கூட ஆராய்ச்சிக்குத் தொடக் கூடாது" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் ஆமோதித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருத்துவப் புள்ளிவிவரம்தான் என் தொழில், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதன் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். இறந்தவர்கள் விவரத்தை மாநகராட்சிப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். இதற்குப் பெயர், வயது, முகவரி எல்லாம் வேண்டும். ஒரே பெண் இரண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அவரை இரண்டு நோயாளியாக எண்ணிவிடக் கூடாது அல்லவா? சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருடத்துக்கு வருடம் குறைந்ததும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தியதும் இந்த வேலையால்தான் நமக்குத் தெரியும்.

எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் பதில் கிடைத்தது. அங்கே பக்கவாத நோயாளிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கியபோது ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். 2004இல் முடிவு வெளியானது. இரண்டாம் கட்டத்தில்கூடப் பாதிப் பேரைத்தான் சேர்க்க முடிந்தது. சேர்ந்தவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 6.9 சதவீதம். சேராமல் விடுபட்டவர்களில் 21.7 சதவீதம். நினைவிழந்து கிடந்தவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள் எல்லாம் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டார்கள். அந்தப் பதிவேட்டை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானித்தால், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் உலகத்திலேயே இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

வார்டு_அக்கா

சார், நான் மதுரைப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாகச் செவிலியர். நீங்கள் சொல்லும் பதிவேட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் தினமும் பார்க்கும் ஆராய்ச்சி வேறு மாதிரி இருக்கிறது.

தீசிஸ் எழுத வரும் பிள்ளைகள் கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், ஊர் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். அந்தப் படம் நண்பருக்குப் போகும், நண்பர் எக்செல்லில் ஏற்றித் தருவார். என் சித்தி மகளுக்குக் காசநோய் வந்தபோது அவள் கேஸ் ஷீட்டின் முதல் பக்கம் அப்படித்தான் ஒரு வாட்ஸாப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழுவில் அவள் புகுந்த வீட்டுக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன், அவள் இன்னும் அங்கேதான் போகிறாள். ஆனால் அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் தட்டும் டம்ளரும் தனி. நோய் குணமாகிப் பல வருடம் ஆன பிறகும் தனிதான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா?

தீசிஸ்_காலம்

அக்கா, நான் பி.ஜி. இரண்டாம் ஆண்டு. நீங்கள் எழுதியதைப் படித்துச் சங்கடமாக இருந்தது. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் போடுகிறோம். பழைய பதிவுகளை மட்டும் பார்க்கும் ஆய்வு, அடையாளம் நீக்கித்தான் எடுப்போம் என்றால் சம்மதத்திலிருந்து விலக்குத் தருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அடையாளத்தை எங்கே, எந்தக் கணினியில், யார் நீக்குவது? அதற்கு ஓர் ஏற்பாடும் கிடையாது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் மாலை வரை உட்காரக்கூட விட மாட்டார்கள். அதனால்தான் எல்லோரும் கைபேசியை எடுக்கிறார்கள். விலக்குக் கொடுத்த பிறகு அந்தக் கோப்பு என்ன ஆனது என்று கமிட்டி திரும்பக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

வழக்காடி_கோவை

திரியைத் தொடங்கியவருக்கு: கனடாக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் "கேட்டால் கணக்கு கெட்டுப்போகும், அதனால் கேட்க வேண்டாம்" என்பது எல்லோர் கையிலும் போய்ச் சேரும் வாதம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 17ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கோ புள்ளிவிவரத்துக்கோ எடுக்கும் தரவுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தருகிறது. நிபந்தனை இரண்டு: அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, விதிகளில் உள்ள தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம்.

ஆராய்ச்சி என்றால் என்ன, யார் செய்தால் அது ஆராய்ச்சி என்று சட்டம் சொல்லவில்லை. பல்கலைக்கழகமும் கேட்கலாம், காப்பீட்டு நிறுவனம் நடத்தும் ஆய்வுப் பிரிவும் கேட்கலாம். இந்தச் சட்டத்துக்காக 2018இல் எழுதிய வரைவில் உடல்நலத் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது. 2023 சட்டத்தில் அந்தத் தனி வகையே போய்விட்டது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் 2017இல் வந்த தனித்தனிச் சட்டங்கள் ரகசியக் காப்பைத் தருகின்றன. காசநோய்க்காரருக்கும் அதே அளவு ஏன் கூடாது?

இன்னொன்று. பெயரை எடுத்துவிட்டால் தீங்கு தீர்ந்துவிடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற பழங்குடி மக்களிடம், சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி 1990களில் ரத்தம் எடுத்தார்கள். அதே மாதிரிகளை வைத்து மனச்சிதைவு பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வு செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அங்கே காயப்பட்டது ஒரு சமூகம் முழுவதும். நம் ஊரில் நாளை ஒரு சாதியின் பெயரைப் போட்டு "இவர்களுக்கு இந்த நோய் அதிகம்" என்று கட்டுரை வந்தால், பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஹரோ_வைத்தியர்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். இந்தச் சண்டை எங்களுக்கு இங்கே பத்து வருடத்துக்கு மேலாக நடக்கிறது, அதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

2014 ஜனவரியில் 'கேர்.டேட்டா' என்ற திட்டத்துக்காக வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். எங்கள் கிளினிக்குகளில் இருக்கும் பதிவுகளை ஒரு மையத்துக்கு எடுத்துச் செல்வது திட்டம். பலருக்குப் பிரசுரம் கிடைக்கவே இல்லை. கிடைத்ததிலும் விலகுவதற்கான படிவம் இல்லை. அடுத்த மாதமே, முன்பு மருத்துவமனைப் பதிவுகள் காப்பீட்டுக் கணக்கீட்டாளர் அமைப்பு ஒன்றுக்குப் போயிருந்த செய்தி வெளியானது. திட்டத்தை நிறுத்திவைத்து, 2016இல் கைவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 16 லட்சம் நோயாளரின் பதிவுகளைக் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டுக்குக் கொடுத்திருந்தது. சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறிந்து மருத்துவரை எச்சரிக்கும் செயலிக்காக. அது சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யப்படவில்லை என்று 2017இல் தகவல் ஆணையர் தீர்ப்புச் சொன்னார். 2021இல் திரும்பவும் ஒரு திட்டம் வந்தது. ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். அதுவும் தள்ளிப்போனது. என் நோயாளர் பலர் என் முன்னாலேயே விலகல் படிவத்தை நிரப்பினார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை.

இதற்கு நடுவில் 2020இல் பென் கோல்டேக்கர் என்ற மருத்துவரும் ஆக்ஸ்போர்டு, லண்டன் ஆய்வாளர்களும் 'ஓப்பன்சேஃப்லி' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். அதில் தரவு வெளியே போகாது. கிளினிக் பதிவுகள் ஏற்கெனவே எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றனவோ அங்கேயே இருக்கும். ஆய்வாளர் பொய்த் தரவை வைத்துக் கணினி நிரலை எழுதிப் பார்த்துவிட்டு, அந்த நிரலை மட்டும் உள்ளே அனுப்புவார். வெளியே வருவது அட்டவணையும் வரைபடமும்தான். அதிலும் சிறிய எண்ணிக்கைகளை மறைத்துவிடுவார்கள், ஓர் ஊரில் இரண்டே பேருக்கு உள்ள நோயை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால். யார் எந்த நிரலை எப்போது ஓட்டினார் என்பது பொதுவெளியில் இருக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம்.

இப்படி 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவை ஆராய்ந்தார்கள். வயது, வறுமை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் தெற்காசியர்கள் கொரோனாவில் கூடுதலாக இறக்கிறார்கள் என்று கண்டார்கள். நம் ஆட்களைப் பற்றிய அந்தச் செய்தி எனக்கு அன்று மிகவும் தேவைப்பட்டது. ஒருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கவில்லை.

அதே 2020 மே மாதம் சர்ஜிஸ்பியர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவை வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கொரோனாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தால் இறப்பு கூடுகிறது என்றது அது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளர் என்றார்கள். அதை நம்பி உலகச் சுகாதார நிறுவனம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சோதனையை நிறுத்திவைத்தது. மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது காட்டவில்லை. இரண்டு வாரத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. யாருமே பார்க்க முடியாதபடி பூட்டிவைத்தாலும் இப்படித்தான் ஆகும்.

எண்ணும்எழுத்தும்

டாக்டர், இதைத்தான் நான் கேட்கிறேன். ஆராய்பவர் தரவு இருக்கும் இடத்துக்கு வரட்டும், தரவு அவர் பையில் போகக் கூடாது. வார்டு அக்கா சொன்ன கொடுமை சம்மதம் வாங்காததால் நடந்ததில்லை. படம் எடுக்க விட்டதால் நடந்தது. கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதே படம் அதே குழுவுக்குப் போயிருக்கும்.

வழக்காடி ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஓ.பி. கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது "ஆதார் கொடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று சொல்லி மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண்ணை உருவாக்குகிறார்களே, அங்கே எத்தனை பேர் புரிந்து சம்மதிக்கிறார்கள்? கூட்டத்தில், வலியோடு, சீட்டுக் கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைக் கையில் வைத்துக்கொண்டு நாளை யார் வேண்டுமானாலும் "நோயாளி சம்மதித்தார்" என்பார்கள். எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது.

வார்டு_அக்கா

ஓடிபி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நானே அந்த வரிசையைத் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் "படம் எடுக்க விட்டதுதான் காரணம்" என்று அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள் சார். அவளுடைய காகிதத்தை யாரோ எடுக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. பூட்டுப் போட்டு வைத்தாலும் அவளுக்குத் தெரிய வேண்டும். அப்புறம், எங்கள் ஊரில் பாதிக்கு மேல் இன்னும் காகிதம்தான். நிரலை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது?

தீசிஸ்_காலம்

காகிதத்துக்கும் அதே முறை ஒத்துவரும் என்று நினைக்கிறேன் அக்கா. ரெக்கார்ட்ஸ் அறையிலேயே இணையம் இல்லாத ஒரு கணினி. கைபேசி வெளியே. பெயருக்குப் பதில் எண் போட்டு அங்கேயே தட்டச்சுச் செய்ய வேண்டும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ஒரு கணினியும் ஒரு நாற்காலியும் ஆறு மணி வரை திறந்திருக்கும் அறையும் இருந்தால் போதும். எங்கள் பேட்ச் முழுக்க அங்கேதான் உட்காருவோம்.

வழக்காடி_கோவை

நல்ல ஏற்பாடு. ஆனால் விலகும் உரிமை இல்லாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், "என்னுடையதை எடுக்காதே" என்று ஒருவர் சொன்னால் எடுக்கக் கூடாது. புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் இதுவே.

ஹரோ_வைத்தியர்

தகவலுக்காக: இங்கே 2018 மே மாதத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே விலகல் முறை இருக்கிறது. விலகியிருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல்.

எண்ணும்எழுத்தும்

ஐந்து சதவீதம் என்றால் என் கணக்கு தாங்கும். கனடாவில் நடந்ததுபோல் பாதிப் பேர் போனால் தாங்காது. அதனால் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, வேண்டாம் என்பவரை விட்டுவிடும் முறைக்கு நான் தயார்.

புற்றுநோய்ப் பதிவேட்டிலும் தொற்றுநோய்க் கணக்கிலும் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தொழிற்சாலையைச் சுற்றியுள்ள இரண்டு தெருவில் நோய் கூடுகிறதா என்று பார்க்கும்போது பத்துப் பேர் விலகினாலே உண்மை மறைந்துவிடும். அந்தப் பத்துப் பேரை விலகச் சொல்லித் தொழிற்சாலையே ஆள் அனுப்பினால் என்ன செய்வீர்கள்?

வழக்காடி_கோவை

ஆள் அனுப்புவதைத் தண்டிக்க வழி தேடுவேன். அதற்காக நோயாளியின் உரிமையைப் பறிக்க மாட்டேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

வார்டு_அக்கா

எங்கள் மருத்துவமனை எத்திக்ஸ் கமிட்டியில் செவிலியர் தரப்பில் ஒருவர் இருக்கிறார். தம்பி சொன்ன கணினியையும் அறையையும் பற்றி அவர் மூலம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கூடவே, இந்த மாதம் எந்தெந்த ஆய்வுக்கு யார் எந்த வார்டுக் கேஸ் ஷீட்டை எடுக்கிறார்கள், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓ.பி. வாசலில் தமிழில் ஒரு பலகை. ஐயா, அந்தப் பலகையில் எழுத வேண்டிய வாசகத்தைச் சட்டப்படி சரியாக எழுதித் தருவீர்களா?

வழக்காடி_கோவை

ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே பதிகிறேன் அம்மா.