கூட்டு வலைப்பதிவு: பத்துப் பேருக்கு அனுமதி எப்படிப் பிரிப்பது?

நாட்குறிப்பு:
வணக்கம். ஆசிரியை, பஸ் கண்டக்டர், தையல்காரர், செவிலியர், விவசாயி என்று பத்துப் பேர் சேர்ந்து, எங்கள் நாட்டில் சாதாரண மனிதர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதப் போகிறோம். வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள், சொந்த டொமைன் (இணைய முகவரி). பெரும்பாலோரிடம் போன் மட்டும்தான். மூன்று பேர் புனைபெயரில் எழுதுவார்கள். யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது? இரண்டே மாதத்தில் படுத்துவிடாமல் இருக்க என்ன முறை வைக்கலாம்?

திண்ணை72:
தளம் முழுவதையும் நிர்வகிக்கும் அட்மின் இரண்டு பேர். ஒருவரே இருந்தால் அவர் கணக்கு முடங்கும் அன்று தளமும் முடங்கும். எல்லோர் பதிவையும் திருத்தி வெளியிடும் எடிட்டர் இரண்டு பேர். மற்றவர்கள் கான்ட்ரிபியூட்டர்: எழுதி மறுபார்வைக்கு அனுப்பலாம், தாங்களே வெளியிட முடியாது.

பெரிய கண்ணி புனைபெயரில்தான் இருக்கிறது. யூசர்நேமையே புனைபெயரில் தொடங்குங்கள். சொந்தப் பெயரில் கணக்கைத் திறந்துவிட்டு, புரொஃபைலில் காட்டும் பெயரை மட்டும் மாற்றினால், பதிவின் மேல் புனைபெயர் வரும். அதைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தின் முகவரியில் பழைய யூசர்நேம் அப்படியே நிற்கும். யூசர்நேமை டாஷ்போர்டில் (நிர்வாகப் பக்கத்தில்) மாற்றவும் முடியாது. ஏற்கெனவே அப்படித் திறந்துவிட்டிருந்தால் புதுக் கணக்கு தொடங்கிப் பழையதை நீக்குங்கள். நீக்கும்போது பதிவுகளை அழிக்கவா, இன்னொருவர் கணக்குக்கு மாற்றவா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டால் அவர் எழுதியது மொத்தமும் போச்சு.

மைக்கூடு:
கான்ட்ரிபியூட்டர் சரிவராது. அவர்களால் படம் ஏற்ற முடியாது. பதிவு வெளியானபின் தன் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. எல்லாச் சில்லறை வேலையும் எடிட்டர் தலையில் விழும். முதல் இரண்டு மூன்று பதிவுகளுக்குப் பிறகு, தன் பதிவுக்குத் தானே படம் ஏற்றி வெளியிட்டுத் திருத்தக்கூடிய ஆத்தராக உயர்த்திவிடுங்கள்.

படத்தில் இன்னொரு ஆபத்து. போனில் லொகேஷன் திறந்திருந்தால் எடுத்த இடம் படக் கோப்பிலேயே பதிவாகிவிடும். வேர்ட்பிரஸ் சிறிய அளவுப் பிரதிகளை உருவாக்கிக் காட்டினாலும், ஏற்றிய மூலக் கோப்பு சர்வரில் கிடக்கும். புனைபெயர்க்காரர் தன் அடுப்படியைப் படம்பிடித்துப் போட்டால், தெரிந்தவர்கள் அந்தக் கோப்பை இறக்கி வீட்டையே கண்டுபிடிக்கலாம். கேமராவில் லொகேஷனை அணைத்துவிடச் சொல்லுங்கள். பழைய படமானால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஏற்றலாம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினாலும் இடக்குறிப்பு அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அழியாது. ஏற்றும் படத்தின் அகலம் 1600 பிக்சல் தாராளம்.

செவிலியர் எழுதும்போது நோயாளியின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வயது, வார்டு, நாள் மூன்றும் சேர்ந்தாலே ஊருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒற்றையடி:
படுத்துவிடாமல் இருக்க இரண்டு பழைய முறைகள் உண்டு. 1937இல் பிரிட்டனில் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வு அமைப்பு, மாதந்தோறும் 12ஆம் தேதி எழுந்ததுமுதல் படுக்கும்வரை நடந்ததை எழுதி அனுப்பும்படி தன்னார்வலர்களைக் கேட்டது. ஸ்வீடன் 2011 டிசம்பர் முதல் 2018 வரை, நாட்டின் ட்விட்டர் கணக்கை வாரத்துக்கு ஒருவர் கையில் கொடுத்தது. உங்களுக்கு முதலாவதுதான் பொருந்தும். வாரம் ஒருவர் என்றால் மறுமுறை வரப் பத்து வாரம் ஆகும்; அதற்குள் எழுதும் பழக்கமே விட்டுப்போகும். எல்லோரும் ஒரே நாளைப் பற்றி எழுதிவிட்டால் மூன்று நாளுக்கு ஒன்றாக ஒரு மாதத்துக்கு வெளியிடலாம். ஒரே மழை வயலில் ஒன்றாகவும் பஸ்ஸில் வேறாகவும் தெரியும்.

300 சொல் போதும். முழு நாளையும் சுருக்கினால் எல்லோர் பதிவும் ஒன்றுபோல ஆகிவிடும். ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்டக்டர் 'கூட்டம் அதிகம்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சில்லறையை எந்தப் பையில் வைக்கிறார், டிக்கெட் கணக்கும் கையிலுள்ள பணமும் இடித்தால் குறைவதை யார் கட்டுகிறார் என்று கேளுங்கள். தட்டச்சு வராதவர் குரல் பதிவாக அனுப்பட்டும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் 'நல்ல தமிழ்' ஆக்கிவிட வேண்டாம். வெளியிடுமுன் பேசியவருக்கே வாசித்துக் காட்டிவிடுங்கள்.

நாட்குறிப்பு:
நன்றி. நாள் குறித்துத் தானாக வெளியிடும் வசதியை நம்பலாமா?

மைக்கூடு:
நம்பலாம், ஆனால் சொந்த சர்வரில் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் அது விழிக்கும். வாசகர் குறைவான தொடக்க நாட்களில் காலை ஆறு மணிப் பதிவு ஒன்பதுக்கு வரும். ஹோஸ்டிங் பேனலில் 15 நிமிடத்துக்கு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானே இயங்கும் கட்டளை) வைத்தால் சரியாகிவிடும். செட்டிங்ஸில் நேர மண்டலத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும்.

திண்ணை72:
காப்புப் பிரதிக்கு வேர்ட்பிரஸ் தரும் எக்ஸ்போர்ட் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். அதில் எழுத்தும் படங்களின் முகவரியும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரை மாதம் ஒருமுறை தனியாக இறக்கிவையுங்கள்.