பந்தைத் தொடாத ஜோ தாமஸ் எதற்காகப் புகழ்பெற்றார்?

புதுரசிகன் கேட்டது:
அமெரிக்கக் கால்பந்தை இந்த ஆண்டுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜோ தாமஸ் 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் (தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம்பெற்றார் என்று படித்தேன். பந்தை எறிவது அவர் வேலையில்லை, பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. பிறகு என்னதான் செய்தார்?

ஏரிக்கரைவாசி:
கிளீவ்லாந்துக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். அலுவலக நண்பர் ஒருவர், "இந்தக் கால்பகுதி முழுக்கப் பந்தை மறந்துவிடு, தாமஸின் 73ஆம் எண் சட்டையை மட்டும் பார்" என்றார். பார்த்தேன்.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். வலக்கைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் முதுகுப்பக்கமாகிவிடும். எதிரணியின் வேகமான ஆள் அந்த வழியாகத்தான் பாய்வார். அந்தப் பக்கத்தைக் காக்கும் தாமஸ் இடக்காலைப் பின்னுக்குத் தள்ளி, வலக்காலை இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி நண்டு நடை நடப்பார். 140 கிலோ உடம்பு! வருகிறவரின் மார்பில் இரண்டு கையும் படும். அவர் சுற்றிவளைத்துப் போவதற்குள் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்திருப்பார். சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம் தண்டம் என்பதால் முரட்டு பலம் மட்டும் போதாது.

2007இல் முதல் ஆட்டத்தில் தொடங்கி, தொடர்ச்சியாக 10,363 ஸ்நாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் ஒரு ஸ்நாப்). ஒரு ஸ்நாப்பில்கூட வெளியே உட்காரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தக் காலத்தில் அணி எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. அவருடைய 11 பருவங்களில் 48 வெற்றி, 128 தோல்வி. 2017இல் பதினாறுக்குப் பதினாறும் தோல்வி. குவார்ட்டர்பேக்குகளோ ஏறத்தாழ 20 பேர் வந்து போனார்கள். 2015இல் டென்வர் அணிக்கு மாறும் பேச்சு நடந்து முறிந்தது. அதே பருவத்தில் டென்வர் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை வென்றது. எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, அவருக்கு எப்படியோ.

ஏரிக்கரைவாசி:
அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில் எல்லோரும் கோட்டு சூட்டோடு நியூயார்க்கில் உட்கார்ந்திருக்க, அப்பாவுடன் மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போன ஆள் அவர். மூன்றாவதாகத் தேர்வானபோது படகில்தான் இருந்தார்.

2017 அக்டோபர் 22 அன்று டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில் நான் அரங்கில் இருந்தேன். மூன்றாம் கால்பகுதியில் அவருடைய இடக்கைத் தசை கிழிந்தது. அவர் தரையில் கிடந்தபோது என் பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் தாமஸ் மறுபடி ஆடவில்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு அறிவித்தார்.

புதுரசிகன்:
நன்றி. பழைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்ப்பது?

ஏரிக்கரைவாசி:
கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எடுங்கள். அநேகமாகத் தோற்ற ஆட்டமாகத்தான் இருக்கும்.